மாத்திரை நின்ற நாலாவது மாதம்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கான மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். சர்க்கரைக்கு இன்சுலின் போடாமல் விட்டால் அன்றைக்கே அளவு ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நடப்பது தலைகீழ். முதல் வாரம் முகம் தெளிகிறது, பகல் தூக்கம் போகிறது, கை நடுக்கம் குறைகிறது. "பழையபடி கலகலன்னு பேசுறான்" என்று அம்மா சந்தோஷப்படுகிறார். ஒரு மாதம் போனதும், "இந்த மாத்திரைதான் இவ்வளவு நாளா அவனை மந்தமாக்கி வச்சிருந்துச்சு" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது. மூன்றாவது மாதம் ராத்திரித் தூக்கம் குறைகிறது. நாலாவது மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறார். மாத்திரை நின்ற கதை அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும். மாமா வீட்டுச் சண்டை, கிடைக்காத வேலை, அமாவாசை என்று காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள்.

நாலு மாதம் என்பது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கல்ல. சிலருக்கு மூன்று வாரத்தில் திரும்பும், சிலருக்கு ஒன்றரை வருடம் பிடிக்கும். முதல் முறை நோய் வந்து தேறியவர்களை ஐந்து வருடம் கவனித்து 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 82 பேருக்கு நோய் ஒருமுறையாவது திரும்பியது. மருந்தை விட்டவர்களுக்கு அந்த ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. முதல் முறை வந்தவர்களுக்குக்கூட ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதும், இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு ஐந்து வருடம், அதற்கும் மேல் என்பதும் இதனால்தான். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டரோடு பேசி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அப்போதும் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு வருடமாவது கண் விழிப்பாக இருக்க வேண்டும்.

பெயரைக் கேட்டதும் பலர் ஒரே உடம்பில் இரண்டு ஆள் குடியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது சினிமா கிளப்பிவிட்ட குழப்பம். மனச்சிதைவில் நடப்பது வேறு. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும், பல சமயம் இரண்டு பேர் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது போல. யாரோ பின்தொடர்கிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற நம்பிக்கை எந்தச் சான்றுக்கும் அசையாமல் நிற்கும். தான் மனதில் நினைப்பது மற்றவர்களுக்குக் கேட்கிறது என்பார்கள். பேச்சு கோர்வை அறுந்து தாவும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பக்கம். ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு சுருங்குவது, குளிக்காமல் நாள் கணக்கில் படுத்துக் கிடப்பது, கவனமும் நினைவும் மங்குவது ஆகியவை சத்தமில்லாத பக்கம். மருந்து முதல் பக்கத்தை நன்றாகப் பிடிக்கும், இரண்டாவது பக்கத்தை அவ்வளவாகத் தொடாது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பல வீடுகளில் பாதிச் சண்டை குறையும்.

உலகில் சுமார் 345 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆண்களுக்கு இருபது வயதை ஒட்டியும், பெண்களுக்குச் சில வருடம் தள்ளியும் தொடங்குவது வழக்கம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. இளவயதில் கஞ்சா பிடிப்பது ஆபத்தைக் கூட்டும். வளர்ப்புச் சரியில்லாததால் இது வருவதில்லை. அம்மாக்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கலாம்.

அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் டாக்டரிடம் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். கதையை முதலிலிருந்து சொல்ல முடியாது. அரைப் பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தூக்கம் எந்த மாதத்திலிருந்து கெட்டது, வேலைக்கோ கல்லூரிக்கோ போவது எப்போது நின்றது, தனியாகப் பேசுகிறாரா, எதற்குப் பயப்படுகிறார், குடி, கஞ்சா உண்டா, தலையில் அடி, வலிப்பு, காய்ச்சல் வந்ததுண்டா, ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருந்ததா. முந்தைய மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறியாமல் கொண்டு போங்கள். தைராய்டு, சர்க்கரை, பி12, ரத்த அணுக்கள், கல்லீரல், ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். ஒரு வாரத்துக்குள் திடீரென்று குழம்பிப் போய், கூடவே காய்ச்சலோ வலிப்போ இருந்தால் அது மூளைக் காய்ச்சல் வகையாக இருக்கலாம், குறிப்பாக இளம் பெண்களுக்கு. அப்போது மனநல வார்டில் இடம் தேடுவதற்கு முன்னால் நரம்பியல் டாக்டர் பார்க்க வேண்டும். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். அந்த எண் பிறகு எங்கே தேடினாலும் கிடைக்காது.

வர மறுப்பவரை எப்படி அழைத்துப் போவது? "உனக்கு மனநோய்" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். அவரே ஒப்புக்கொள்கிற ஒரு தொந்தரவு அநேகமாக இருக்கும், பெரும்பாலும் தூக்கம். "மூணு நாளா நீ தூங்கலையே, அதுக்கு மட்டும் பாத்துட்டு வந்துரலாம்" என்பது பொய்யல்ல. கோயிலுக்கு என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால் ஒரு முறை பலிக்கும். அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டோவிலும் ஏற மாட்டார்.

மருந்து தொடங்கியதும் எது எப்போது மாறும் என்பதில் ஒரு வரிசை உண்டு. பதற்றமும் தூக்கமும் முதல் சில நாட்களிலேயே சரியாகத் தொடங்கும். குரல் அடங்க இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதுவும் சட்டென்று நிற்காது, தள்ளிப் போகும். காதோரம் அதட்டியது பக்கத்து அறையிலிருந்து கேட்கும், பிறகு தெருவிலிருந்து, பிறகு எப்போதாவது. சந்தேகம்தான் கடைசியில் போகும். பலர் "அது பொய்" என்று ஒப்புக்கொள்வதே இல்லை. "இப்ப அவங்க தொந்தரவு பண்றதில்ல" என்பார்கள். அதுவே நல்ல முன்னேற்றம், கிளறாதீர்கள்.

ரிஸ்பெரிடோன் என்றால் ஒன்றிரண்டு மில்லிகிராமில் தொடங்கி நான்கு, ஆறு வரை போவார்கள். ஓலன்சபின் ஐந்து அல்லது பத்தில் தொடங்கி இருபது வரை. இந்த மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களை மறிப்பவை. நூற்றுக்கு 65 இடங்களாவது மறிக்கப்பட்டால்தான் பெரும்பாலும் பலன் தெரியும். 80-ஐத் தாண்டினால் பலன் கூடாது, உடம்பு விறைப்பதுதான் கூடும். "இன்னும் கொஞ்சம் பவர் ஜாஸ்தி குடுங்க டாக்டர்" என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பக்கவிளைவுகளில் முதல் வாரத்தில் மிரட்டுவது ஒன்று. ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இளைஞர் ஒருவருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகி நின்றுவிடும். கண்மணிகள் மேலே சொருகி வெள்ளை விழி மட்டும் தெரியும். நாக்கு தடித்துப் பேச்சு குழறும். நினைவு முழுக்கத் தெளிவாகவே இருக்கும். பார்க்கிறவர்கள் "சாமி இறங்கிடுச்சு" என்றோ "பேய்தான் இப்படிப் பண்ணுது" என்றோ விபூதி தேடி ஓடுவார்கள். இது தசைப் பிடிப்பு, அவ்வளவுதான். பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மாத்திரை அட்டையைக் காட்டினால் ப்ரோமெத்தசின் ஊசி போடுவார்கள், அரை மணிக்குள் கழுத்து நேராகும். மருந்து தொடங்கும் அன்றே "இப்படி வரலாம்" என்று டாக்டரோ நர்ஸோ சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அந்த மருந்தை ஜென்மத்துக்கும் வெறுக்காது.

இன்னொன்று இவ்வளவு வெளிச்சமாக இருக்காது, ஆனால் அதிகம் கெடுப்பது அதுதான். ஆள் உட்கார முடியாமல் எழுந்து நடப்பார், திரும்ப உட்காருவார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பார். நோய் முற்றுகிறது என்று நினைத்து மருந்தைக் கூட்டினால் நடை இன்னும் கூடும். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மனசு பதறுதா, காலு பதறுதா?" காலைக் காட்டினால் பெரும்பாலும் அது மாத்திரையின் வேலை. அளவைக் குறைத்தோ, ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்த்தோ சரி செய்வார்கள். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட நினைத்தவர்கள் உண்டு. அடுத்த மாத வரிசைக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்விட வேண்டும்.

காய்ச்சல் கொளுத்த, உடம்பு மரக்கட்டையாக விறைத்து, வியர்த்து, ஆள் மயங்கினால் அது உயிருக்கு ஆபத்து. மாத்திரை போடுவதை நிறுத்தி 108-ஐக் கூப்பிட வேண்டும். அரிது, ஆனால் மணிக்கணக்கில் முற்றும்.

ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் சில பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்திவிடும், மார்பில் பால் கசியும். வீட்டில் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டினுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், அரிபிப்ரசோல் என்ற மருந்துக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகும். ஆண்களுக்கு உறவில் நாட்டம் குறையும். அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். ஓலன்சபினுக்கு வரும் பசி சாதாரணப் பசியல்ல, ராத்திரி பதினொரு மணிக்குச் சோற்றுப் பானையைத் திறக்க வைக்கும். சாப்பாடு முடித்துப் படுக்கைக்குப் போகும் நேரத்தில் மாத்திரை போடுவது, வீட்டில் பிஸ்கட்டும் மிக்சரும் வாங்கி வைக்காமல் இருப்பது, வாரம் ஒரு நாள் அதே தராசில் எடை பார்ப்பது ஆகியவை முதல் மாதத்திலிருந்தே வேண்டும். பத்து கிலோ ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு. மூன்றாம் மாதம் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும், பிறகு வருடா வருடம்.

விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை, ட்ரைஹெக்ஸிஃபெனிடில், இரண்டு மில்லிகிராம். "பேசிட்டேன்" என்ற பெயரில் பல வீட்டுக்குத் தெரியும். தேவையில்லாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் வாய் காயும், மலம் கட்டும், ஞாபகம் மங்கும். இப்போதும் அது வேண்டுமா என்று அவ்வப்போது கேளுங்கள்.

இனி நம் ஊர் வீடுகளில் வெளியே பேசாமல் நடக்கும் ஒரு காரியம்: மாத்திரையைப் பொடி செய்து சாம்பாரில் கலப்பது, சொட்டு மருந்தைக் காபியில் விடுவது. வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள், திட்டிப் பயனில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் அவருடைய பயமே. ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் படிவத்தைப் பார்க்கிறார். அவர் சந்தேகப்பட்டது நிஜமாகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா கையால் சாப்பிடுவதும் நிற்கும், மருந்தும் நிற்கும். அளவும் சரியாக இருக்காது, யார் பாதிச் சாம்பாரை மிச்சம் வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே கலந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ஊசிக்கு மாறும் வழியைக் கேளுங்கள்.

ஊசியைப் பற்றி வீண் பயம் அதிகம். ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் என்பது நல்லெண்ணெயில் கரைத்த மருந்துதான். இடுப்புத் தசையில் ஆழமாகப் போட்டால் எண்ணெயிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து இரண்டிலிருந்து நாலு வாரம் வேலை செய்யும். முதலில் 12.5 மில்லிகிராம் போட்டுப் பார்த்துவிட்டு 25-க்குப் போவது வழக்கம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. இதன் பெரிய லாபம், தேதி தவறினால் எல்லோருக்கும் தெரியும். மாத்திரையில் அந்த வசதி கிடையாது. தினமும் "மாத்திரை போட்டியா, போட்டியா" என்ற நச்சரிப்பும் வீட்டை விட்டுப் போகும்.

மாத்திரைதான் என்றால் கேட்பதை விட எண்ணுவது மேல். முப்பது நாளுக்குப் பத்து மாத்திரை அட்டை மூன்று. இருபதாம் தேதி ஓர் அட்டைக்கு மேல் மிச்சம் இருந்தால் சில நாள் விட்டுப்போயிருக்கிறது. அதைக் குற்றப்பத்திரிகையாக நீட்டாமல், "எது கஷ்டமா இருக்கு, தூக்கமா, வாய் ஒழுகலா?" என்று கேளுங்கள். விடுவதற்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும், பல சமயம் நியாயமான காரணம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையாகப் பிரித்த மருந்தை இரவு ஒரே வேளையாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டால் பல மருந்துகளுக்கு முடியும் என்பார்.

இரண்டு வகை மருந்தைச் சரியான அளவில், தலா ஆறு வாரமாவது ஒழுங்காகப் போட்டும் குரல் அடங்கவில்லை என்றால் குளோசபின் பேச்சை எடுக்க வேண்டும். மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் ஜெயிக்கிற மருந்து இது, தற்கொலை எண்ணத்தையும் குறைப்பது. பயத்தில் இதைப் பல வருடம் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எங்கள் மனக்குறை. 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். சிலருக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதால் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு இடைவெளியைக் கூட்டிக் கடைசியில் மாதம் ஒரு முறை என்பது பரவலாகப் பின்பற்றும் முறை. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் அன்றே அணுக்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், படபடப்பு வந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஒழுகும், மேலே துண்டு விரித்துப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலைச் சிரிப்பாக நினைக்காதீர்கள், குடல் அடைத்து உயிரே போனதுண்டு. மூன்று நாள் போகவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் குளோசபினில் தவறிப்போகும். ஒன்று, 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்கள், வலிப்பும் வரலாம். மறுபடி 12.5-இலிருந்துதான். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரையை மறந்து நாலு நாள் கழித்து வந்து முழு அளவைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டாவது, பீடி. பீடிப் புகையும் சிகரெட் புகையும் கல்லீரலைத் தூண்டிக் குளோசபினையும் ஓலன்சபினையும் வேகமாகக் கரைத்துவிடும். வார்டில் பீடி இல்லாமல் 300 மில்லிகிராமில் நன்றாகத் தேறியவர், வீட்டுக்கு வந்து நாளுக்கு ஒரு கட்டு பிடிக்க ஆரம்பித்தால் அதே 300 போதாமல் போகும். மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறார், குரல் மட்டும் திரும்புகிறது. தலைகீழாகவும் நடக்கும்: பீடியைச் சட்டென்று விட்டவருக்கு ஒரு வாரத்தில் மருந்தளவு ரத்தத்தில் ஏறி, தூங்கி விழுவார். இது நிகோடின் செய்வதல்ல, புகை செய்வது. பீடியைக் கூட்டினாலும் குறைத்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

வீட்டில் பேசும் முறைக்கு வருவோம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் தொடங்கி, 1976-இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோர் தொடர்ந்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின: குத்திக் காட்டும் பேச்சு, வெறுப்பு, அளவுக்கு மீறிய ஒட்டுதல் உள்ள வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்புகிறது. அன்பு குறைவு என்பதல்ல விஷயம். "உன் வயசுப் பசங்க எல்லாம்..." என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அந்தக் கணக்கில் சேரும். பகலில் சில மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் போவது, அவர் பகல் நேர மையத்துக்கோ அம்மா தன் தங்கை வீட்டுக்கோ, இருவருக்கும் நல்லது.

"பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியா பேசுறார்" என்றால் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, உன் பிரமை" என்று வாதாடுவதும் வீண், "ஆமாப்பா, எனக்கும் கேட்டுச்சு" என்பதும் தீங்கு. "எனக்குக் கேக்கலப்பா. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. கொஞ்ச நேரம் நான் இங்கயே உக்காந்துக்கிறேன்." இவ்வளவு போதும். குரல் தொல்லை கூடும் நேரத்தில் பாட்டு முணுமுணுப்பது, செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது, இயர்போனில் ரேடியோ கேட்பது சிலருக்கு உதவுகிறது. செத்துப்போ, அடி என்று குரல் கட்டளையிட்டால் மட்டும் அது அவசரம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

படுத்தே கிடப்பவரைச் "சோம்பேறி" என்று எழுப்ப முடியாது. "போய்க் குளி" என்பது அவருக்கு ஒரு வேலையல்ல, ஏழெட்டு வேலை. "வாளியில வெந்நி வச்சிருக்கேன், துண்டு கொடியில இருக்கு" என்பது ஒரு வேலை. தினமும் ஒரே நேரத்தில் ஒரே சின்ன வேலை, பால் வாங்குவதோ செடிக்குத் தண்ணீர் விடுவதோ, ஒரு மாதம் நிலைத்த பிறகே அடுத்தது.

தர்கா, கோயில் விஷயத்தில் சண்டை வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதிலிருந்து நாம் கற்க வேண்டியது சங்கிலி கூடாது என்பதை. நம்பிக்கையோடு மருந்தும் சேர்ந்து போகலாம். இன்று ஏர்வாடியில் தர்கா பக்கத்திலேயே மருந்தும் கொடுக்கிறார்கள். கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரை வாயில் போகட்டும்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்பதுதான் மிக விலை கொடுக்க வைக்கும் நம்பிக்கை. மறைத்துச் செய்தால் முதல் ராத்திரியிலிருந்தே மாத்திரையை மறைக்க வேண்டும். மறைக்க முடியாமல் மாத்திரை நிற்கும். பிறகு, மேலே சொன்ன அதே நாலு மாதக் கணக்கு.

ஒவ்வொருவருக்கும் நோய் திரும்புவதற்கு முன் தனக்கென்று ஒரு பாதை உண்டு, அநேகமாக ஒவ்வொரு முறையும் அதே பாதை. ஒருவருக்குத் தூக்கம், பிறகு டி.வி.யை அணைத்துவிடுதல், பிறகு வெளியே சாப்பிட மறுத்தல். இன்னொருவருக்குத் திடீரென்று கூடிய பக்தி. ஆள் தெளிவாக இருக்கும்போது அவரையே கேட்டு மூன்று அறிகுறிகளை எழுதி, தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். இரண்டு தெரிந்தால் டாக்டரிடம், மூன்றும் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் முடிவெடுக்கலாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைக்கவும் உரிமை உண்டு. தானாக ஒப்புக்கொள்ள முடியாத நிலையில், அவர் நியமித்தவர் விண்ணப்பித்தால், மனநல டாக்டர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு முப்பது நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டுமென்றால் சுயபராமரிப்பு, மற்றவர்களோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் தலா நான்கு மதிப்பெண் வரை, நோயின் கால அளவுக்கும் நான்கு வரை, மொத்தம் இருபதுக்குப் போடுவார்கள். ஏழு வந்தால் 40 சதவீதம், சலுகைகள் பலவற்றுக்கு அதுதான் வாசல். அன்றைக்குத் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, "இப்ப நல்லாத்தான் இருக்கான் சார்" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, ஐந்தோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. குளிக்க யார் சொல்ல வேண்டியிருக்கிறது, தனியாகப் பஸ் ஏறுகிறாரா, கடைசியாகச் சம்பளம் வாங்கியது எந்த வருடம் என்பதை அப்படியே சொல்லுங்கள். பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால், தாங்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை இந்தச் சான்றிதழோடு ஓய்வூதிய ஆவணத்தில் சேர்க்கக் கேட்க வேண்டும். பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியது அந்தப் பிள்ளைதான்.